மாவுக்கட்டில் உட்கார்ந்தவர்

ஏழாம் கட்டில் சிறுமிக்கு மருத்துவமனையில் பெயரே இல்லை. "ஏழு, மாத்திரை போட்டாச்சா?" "ஏழு, தூங்கு!" அவ்வளவுதான்.

மாலையில் மற்றக் கட்டில்களைச் சுற்றி அத்தை, மாமா, பழக்கூடை என்று ஒரே கூட்டம். ஏழுவின் பக்கத்தில் காலி முக்காலி மட்டும். அம்மா வேலை முடிந்து வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அதனால் ஏழு, நர்ஸிடம் பேனா வாங்கித் தன் கால் மாவுக்கட்டில் கடவுளை வரைந்தாள். படத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கும் போக அவசரமில்லாதவராக முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வலிக்கும்போதெல்லாம் அவரிடம்தான் முணுமுணுப்பாள்.

பெரிய டாக்டர் வந்தார். அவர் தனியாக வருவதில்லை; பின்னால் ஓர் ஊர்வலமே வரும். அவர் இருமினால்கூடக் குறிப்பெடுக்க ஆள் உண்டு. படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அடடே, நானா இது?"

"இல்ல டாக்டர். கடவுள்."

"சாயல் அப்படியே என்னை மாதிரி இருக்கே!"

"அவருக்கு இவ்ளோ தொப்பை இல்ல டாக்டர்."

ஊர்வலம் மொத்தமும் அவசரமாகக் கூரையைப் பார்த்தது.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "நாளைக்குக் கட்டைப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ஏழுவுக்குத் திக்கென்றது. அம்மா வேலைக்குப் போனால் வீட்டிலும் அவள் தனிதான். கட்டோடு சேர்த்துக் கடவுளையும் குப்பையில் போட்டுவிட்டால்?

மறுநாள் கட்டு வெட்டுபவரிடம் கெஞ்சினாள். "அண்ணா, படத்தை வெட்டிடாதீங்க!"

"ரெண்டு பக்கமும்தான் வெட்டுவேன் பாப்பா. மேல் ஓடு முழுசா வந்துடும்." சொன்னபடியே கழற்றிக் கையில் கொடுத்தார்.

அதை அணைத்தபடி, கட்டுக்குள் மெலிந்துபோயிருந்த காலை ஊன்றி, துணிப்பையை எடுக்கத் தன் கட்டிலுக்கு நொண்டி நொண்டி வந்தாள். எட்டாம் கட்டிலில் ஒரு வாண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். நேற்று சேர்ந்தவள், கையில் புதுக் கட்டு. அவளைப் பார்க்கவும் யாரும் வரவில்லை.

"வலிக்குதா?"

"நீயும் போறியா அக்கா?"

ஏழு கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். வாண்டைப் பார்த்தாள். பிறகு, கொடுக்க மனசு வராமல்தான், நீட்டினாள்.

"இந்தா, வச்சுக்கோ. இவரு எங்கயும் போகமாட்டாரு."

வாண்டு மூக்கை உறிஞ்சினாள். "பேசுவாரா?"

"பேசமாட்டாரு. நாம பேசறதைக் கேப்பாரு."

"அப்போ கூடவே உன்னையும் வரைஞ்சு குடு. நீதான் பேசுவே."

ஏழு இதுவரை தன்னை வரைந்ததே இல்லை. தலை வந்தது, பின்னல் வந்தது. காலில் பேனா தயங்கியது.

"ஒல்லியா போடுக்கா! இப்போ அப்படித்தானே இருக்கு?"

ஏழு சிரித்துவிட்டாள். ஒல்லிக் காலையே போட்டாள். முக்காலியில் இன்னொருவருக்கு இடமில்லை; அதனால் கடவுளின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.