டேஷ்போர்டுக்குள் ஒரு சிவப்பு முடிச்சு

இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது.

ஒயரு வேனின் தரையில் மல்லாந்து, பெடலுக்கடியில் தலையைச் சொருகி, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டியிருந்தான். ஆட்டோ எலெக்ட்ரீஷியன். ஒயரு என்பது பட்டப்பெயர்; நிஜப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான்.

"என்னப்பா, உள்ள பிரசவமா பாக்குற?"

வண்டியைக் கொண்டுவந்த மொட்டைத்தலையன் கேட்டான்.

"முடிஞ்சுதுண்ணே. போர்ட் உக்காந்துடுச்சு. ஃபோனைச் சொருகிப் பாருங்க."

டேஷ்போர்டில் காலியாகக் கிடந்த ஸ்விட்ச் ஓட்டையில் இப்போது யூஎஸ்பி போர்ட். மொட்டை எட்டிக் குனிந்து ஃபோனைச் சொருகினான். புது ஸ்டீரியோவின் திரை பளிச்சென்றது.

"இனிமே கால் வந்தா ஸ்பீக்கர்லயே பேசலாம்ணே. தொங்குற ஒயரைக் கட்டிட்டா எடுத்துட்டுப் போயிடலாம்."

கட்டுவதற்காக ஸ்டீரியோவுக்குப் பின்னால் கையை விட்டான்.

ரப்பர் தட்டுப்பட்டது. டார்ச் அடித்தான்.

பழைய ஒயர்க்கட்டு... சிவப்பு சைக்கிள் ட்யூபைக் கீற்றாக அறுத்துப் போட்ட இரட்டை முடிச்சு.



பிளாஸ்டிக் டை வெயிலில் வெடித்துவிடும் என்று ட்யூபால் கட்டுகிறவன் அவன் ஒருவன்தான். அதிலும் சிவப்பு ட்யூப், ஒரே ஒரு வண்டிக்கு. தங்கச்சி மகளின் குட்டி சைக்கிளில் இருந்து அறுத்தது. அவள் அப்பாவின் வேனுக்கு.

அந்த வேன் வெள்ளை. இது பச்சை.

தங்கச்சி புருஷன் போன மாதம் கரிக்கட்டையாகக் கிடைத்தான். கைக்கடிகாரத்தை வைத்துத்தான் அடையாளமே. லோடோடு வேனையும் காணோம், கிளீனரையும் காணோம். கிளீனர்தான் கொன்றுவிட்டு ஓடினான் என்றார்கள்.

"அண்ணே, கொன்னவன் மூஞ்சிய எனக்கு ஒரு தடவை காட்டு." தங்கச்சி கேட்டது அது ஒன்றுதான்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" மொட்டையின் நிழல் நெருங்கியது.

வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை.

"இது வெள்ளை வண்டியாச்சே... கிளீனர் எங்கண்ணே?"

பதிலுக்குக் கதவு வந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பு மளுக்கென்றது. ஒயரு அலறினான். மறுபடியும் கதவு. அப்புறம் மொட்டையே வீல் ஸ்பேனரோடு உள்ளே பாய்ந்தான். முதல் அடியில் இரண்டு பல் போயிற்று.

"ரேடியோ மாட்டச் சொன்னா ரேடியோவை மட்டும் மாட்டணும்டா."

ஒயருவின் கை தரையில் துழாவியது. சால்டரிங் அயர்ன். சூடு இன்னும் இறங்கவில்லை...

மொட்டையின் கன்னத்தில் வைத்து அழுத்தினான். சதை பொரிந்தது. ஸ்பேனர் விழுந்தது. மிச்சம் கிடந்த ஒயரை அவன் கழுத்தில் இரண்டு சுற்று போட்டு இறுக்கினான்.

"என் மாப்ளய எரிச்சது நீயாடா?"

விழி பிதுங்கிய நிலையிலும் மொட்டைக்குச் சிரிப்பு வந்தது.

"உன்... மாப்ளயவா?"

அந்த நேரம் பார்த்து ஸ்டீரியோ அடித்தது. திரையில் 'அண்ணன்'.

ஒயரு முழங்கையால் திரையின் பச்சைப் பொத்தானைத் தட்டினான். நான்கு ஸ்பீக்கரிலும் குரல் வந்தது. சாப்பிடும்போது, சண்டை போடும்போது, சீட்டாடும்போது கேட்டுக் கேட்டுப் பழகிய குரல்.

"டேய் மொட்ட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரேடியோ மாட்ட எங்க வேணா போ, என் மச்சான் ஒயரு கடைக்கு மட்டும் போயிடாத. அவன் போட்ட கட்டு அவனுக்குத் தெரிஞ்சிடும். கிளீனர் கையில என் வாட்ச்ச மாட்டி எரிச்சதெல்லாம் வீணாயிடும்..."

ஒயருவின் பிடி தளரவில்லை. மொட்டையின் கால்கள்தான் உதைப்பதை நிறுத்தின.

"டேய்... லைன்ல இருக்கியா?"

ஒயரு வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

"இருக்கேன் மாப்ள. குரல் தெளிவா கேக்குது. ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்."

மொட்டையின் கழுத்திலிருந்த ஒயரை உருவிக்கொண்டான்.

"உனக்காக அழுதாச்சு. அடக்கமும் பண்ணியாச்சு," என்றான் ஒயரு. "நீ சாகறது மட்டும்தான் பாக்கி."