பதின்மூன்று சிவப்பு நாடாக்கள்

காலை 9.12. ஆளில்லாமல் ஏவிய சோதனை ராக்கெட், கிளம்பிய நாற்பதாவது நொடியில் தலை சாய்ந்து ஃப்ளோரிடா கடற்கரையில் விழுந்து வெடித்தது.

இன்னும் பதினோரு நாளில் இதே ரக ராக்கெட்டில் கர்ட்டிஸ் மெய்ன் ஏற வேண்டும். காலை எட்டரைக்கு அவன் பாதி குடித்து வைத்த காபி, பதுங்கு அறை மேஜையில் ஆறிக் கிடந்தது. காகிதக் கோப்பையில் சிவப்பாக ஒரு பெருவிரல் ரேகை. வெண்டல் ஹார்ப் அதைப் பார்த்தான், பொருட்படுத்தவில்லை.

வெண்டலும் விண்வெளி வீரன்தான். கர்ட்டிஸுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட வெண்டல்தான் ஏற வேண்டும். அதை நினைத்தாலே அவனுக்குப் பயம்.

பகல் 11.40. மணலில் ராக்கெட்டின் மூக்குப் பகுதி கிடந்தது. காற்றழுத்தம் அளக்கும் துளைகள் பதினான்கு. தூசி புகாமல் போட்டு, ஏவுவதற்கு முன் கழற்ற வேண்டிய மூடி அதில் ஒன்றில் அப்படியே இருந்தது. உயரம் தெரியாமல் ராக்கெட் தடுமாறியது அதனால்தான்.

ஏவுதளப் பொறுப்பாளர் கர்னல் ஸ்டோவர், மூடிகளைக் கழற்றும் தொழிலாளி ப்ராட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூடியெல்லாம் கழட்டினியா?"

"கழட்டினேன் சார். ஒவ்வொரு மூடியிலயும் சிவப்பு நாடா தொங்கும். காலையில பதிமூணு தொங்குச்சு, பதிமூணையும் கழட்டிட்டேன்."

"துளை பதினாலுய்யா!"

"நாங்க எல்லாரும் நாடாவைத்தான் சார் எண்ணுவோம்."

"வீட்டுக்குப் போ. இனி இந்தப் பக்கம் வராதே."

ப்ராட் கருவிப் பெட்டியைத் தூக்கினான்.

வெண்டல் மூடியருகே குனிந்தான். "ஒரு நிமிஷம் சார். நாடா தீயில எரிஞ்சிருந்தா முடிச்சாவது கருகி ஒட்டியிருக்கும். நாடா கட்டுற வளையம் சுத்தமா இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடியே அவுந்து போயிருக்கு."

"காத்துல போயிருக்கும்."

"போனா ஏவுகோபுரத் தளத்துலதான் விழும். அங்க கிடக்கிற எதையும் எழுதிக் கொடுக்கணும். யாரும் கொடுக்கல."

பக்கத்தில் கர்ட்டிஸ் ஒரு தகட்டை இடது கையால் மட்டும் புரட்டினான். தகடு நழுவியது, வலது கையையும் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். உள்ளங்கை சிவந்திருந்தது.

"கையில என்னடா?"

"தகரம் கிழிச்சிருச்சு. இப்பத்தான்."

வெண்டலுக்குக் கோப்பை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ராக்கெட்டில் கர்ட்டிஸ் ஏறுவான். திறந்தால் தான் ஏற வேண்டும். ப்ராட் பெட்டியோடு ஏவுதள வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

"கர்ட்டிஸ், காலையில எட்டரைக்கு நீ வெச்ச கோப்பையிலயும் இதே சிவப்பு இருக்கு. அப்ப ராக்கெட் விழவே இல்ல. இது ரத்தம் இல்லடா, சாயம். மட்டமான நாடா, வேர்வை பட்டா சாயம் போகும். பாக்கெட்ல இருக்கிறதை எடு."

கர்ட்டிஸ் எடுத்தான். கசங்கி நனைந்த சிவப்பு நாடா.

"நேத்து சாயங்காலம் யாருக்கும் தெரியாம ஏவுகோபுரத்து மேல ஏறினேன். அந்த உயரத்துல நிக்க முடியுதான்னு பார்க்க. முடியலடா, முழங்கால் உதறுச்சு. இது அங்க தளத்துல, என் காலடியில கிடந்துச்சு. கையில இறுக்கிப் பிடிச்சதும் கொஞ்சம் நின்னுச்சு. எழுதிக் கொடுத்தா ஏன் ஏறினேன்னு கேப்பாங்களே."

கர்னல் நாடாவை உறைக்குள் போட்டு ஒட்டினார். "ப்ராட், பெட்டியைக் கீழ வை." பிறகு வெண்டலிடம் திரும்பினார். "பதினோரு நாள் இருக்கு. நீதான் ஏறணும்."

"சரி சார்."

வெண்டலின் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.