பெயர் எழுதாத முதுகு

மதிய அறிவிப்பை அவள் இன்னும் படித்து முடிக்கவில்லை. அதற்குள் ஐந்தாம் வார்டின் விளக்கு எரிந்துவிட்டது.

எரிந்தால் எரிந்துவிட்டுப் போகிறது என்று விட முடியாது. அந்த மருத்துவமனையில் அவளுடைய வேலையே அந்த விளக்குகள்தான். தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து, உச்சி முதல் பாதம் வரை வெள்ளைக் கவச உடைக்குள் வெந்துகொண்டிருப்பவர்கள் கைபேசியைத் தொட முடியாது, சுவரில் ஒட்டியதைப் படிக்க நேரமும் கிடையாது. ஆக்சிஜன் எந்த மாடிக்கு வந்திருக்கிறது, எந்த லிஃப்ட் ஓடவில்லை, யாருக்கு மாற்று ஆள் வருகிறது, எல்லாவற்றையும் கீழ்த்தளத்துச் சின்ன அறையிலிருந்து அவள்தான் மைக்கில் சொல்வாள். சொன்னது காதில் விழுந்ததும் அந்தந்த வார்டில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள், அவளுக்கு எதிரே இருக்கும் பலகையில் பச்சை விளக்கு எரியும். ஆள் கேட்டு அறிவித்தால் மட்டும் கணக்கு வேறு. எந்த வார்டின் விளக்கு முதலில் எரிகிறதோ, அந்த வார்டு ஆள் அனுப்ப வேண்டும்; மற்றவர்கள் தங்கள் பாட்டைப் பார்ப்பார்கள்.

ஐந்தாம் வார்டில் பொத்தானை அழுத்த ஆளே இல்லை. அங்கே வேலை பார்த்த நர்ஸுகள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்து, தாங்கள் கவனித்த கட்டில்களிலேயே படுத்து, எழுந்திருக்காமலே போய்விட்டார்கள். போன வாரம் வார்டைக் காலி செய்து பூட்டி, கதவு இடுக்கெல்லாம் அகலமான டேப் ஒட்டினார்கள். வார்டு மூடப்பட்டது என்பதையும் அவள்தான் அறிவித்தாள். எல்லா விளக்கும் எரிந்தது, ஐந்தாவது மட்டும் எரியவில்லை. எரியாவிட்டால் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது விதி. பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் சலித்துக்கொண்டார்.

"அங்க யாரும்மா இருக்கா அழுத்துறதுக்கு? அடுத்ததப் படி."

நியாயம்தானே என்று அவளும் அடுத்ததைப் படித்தாள்.

இப்போது எரிகிறதே! அவள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். மருத்துவமனை முழுக்க அவருக்குக் கரண்ட் அண்ணன் என்றுதான் பேர். மழையில் நனைந்த செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் விளக்கு அணைந்திருந்தது.

"எரிய வாய்ப்பே இல்லம்மா. பூட்டுன அன்னைக்கே ஒயர நாந்தான் வெட்டுனேன்."

"நான் பாத்தேன்ண்ணே."

அவர் பலகையின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். வெட்டிய ஒயரின் முனை கறுப்பு டேப் சுற்றியபடி அந்தரத்தில் தொங்கியது.

"தூக்கம் கெட்டா அப்படித்தான். எனக்கு வீட்டுக்குப் போனா பொண்டாட்டியே ரெண்டா தெரியுறா. ஒருத்தியையே சமாளிக்க முடியல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகுதான் வாடை தெரிந்தது. பிளீச்சிங் பவுடரின் காரமும் ஈரச் சுவரின் புழுக்கமும் அந்த அறைக்குப் பழகியவை. அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பல நாள் திறக்காத அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது. ஆனால் இந்த அறையின் கதவு காலையிலிருந்து திறந்துதான் கிடக்கிறது.

அவள் ஏழாம் வார்டின் விளக்கைப் பார்த்துக்கொண்டாள். அவள் தங்கை அங்கேதான் நர்ஸ். அம்மா போன பிறகு அக்கா தலைவாரிவிட்டு, திட்டி, படிக்கவைத்து ஆளாக்கிய பெண். வீட்டில் அவளைக் கூப்பிடுவது குருவி என்று. கவச உடை போட்டுவிட்டால் யார் எவர் என்று தெரியாதே, அதனால் எல்லோரும் முதுகில் பேர் எழுதிக்கொள்வார்கள். தன் முதுகில் தானே எழுத முடியாது. தினமும் காலையில் குருவி இந்த அறைக்கு வந்து, திரும்பி நின்று, உயரமானவள் என்பதால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நீல மார்க்கரைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டுவாள். அக்கா பேருக்குப் பதில் ஒரு சிட்டுக்குருவியை வரைந்துவிடுவாள்.

"இன்னைக்காவது வால ஒழுங்கா வரைக்கா. நேத்து எல்லாரும் எலியான்னு கேட்டாங்க."

இன்று காலையும் அதே பேச்சு, அதே சிரிப்பு. வால்தான் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது.

மழை வலுத்தது. மாலை நெருங்கும்போது ஏழாம் வார்டின் மேசை ஃபோனிலிருந்து அழைப்பு வந்தது. குருவியோடு நின்ற நர்ஸ் மயங்கி விழுந்துவிட்டாளாம். இத்தனை நோயாளிகளுக்கு நடுவில் குருவி ஒருத்தி. உடனே அவள் மைக்கை எடுத்து ஆள் கேட்டு அறிவித்தாள்.

முதலில் எரிந்தது ஐந்தாம் விளக்கு.

அவள் மறுபடி அறிவித்தாள். வேறு ஒரு விளக்கும் எரியவில்லை. பச்சை வெளிச்சம் அவள் விரல்களின் மேல் அசையாமல் விழுந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. குருவிதான்.

"ஆள் வந்தாச்சுக்கா. தேங்க்ஸ்."

"யாரு வந்தது? எந்த வார்டு?"

"தெரியல, வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. முதுகுல பேரும் எழுதல. ஆனா வேலை தெரிஞ்சவங்கக்கா. நான் கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்து நீட்டுறாங்க."

குருவியின் மூச்சு முகக்கவசத்துக்குள் புஸ் புஸ்ஸென்று கேட்டது. பிறகு குரல் தணிந்தது.

"அக்கா, நமக்கெல்லாம் மூச்சு பட்டு கண்ணாடி பனி பிடிச்சிடுதுல்ல? இவங்களுக்கு ஏன் பிடிக்கவே இல்ல?"

"குருவி, நீ வெளிய வந்துடு."

"பேஷண்ட்ட விட்டுட்டா? விளையாடாதக்கா. வேற ஆள் அனுப்பு, வர்றேன்." ஏதோ பிளாஸ்டிக் உரசும் சத்தம், மிகப் பக்கத்தில். "அவங்க என் முதுகையே பாத்துட்டு நிக்கிறாங்க."

ஃபோன் கீழே விழுந்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கண்காணிப்பாளருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. மேலே ஓடலாம் என்றால், உடை இல்லாமல் அந்தக் கதவைத் தாண்ட விடமாட்டார்கள். என் குருவியைக் காப்பாற்று, காப்பாற்று என்று மனசு யாரிடம் என்று தெரியாமலே கெஞ்சியது. அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. மைக்கில் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் வந்தே ஆக வேண்டும். குருவியைக் கூப்பிட்டுவிடலாம்.

மைக்கை எடுத்தாள். தினம் தினம் சொல்லிப் பழகிய வாய், பழகியபடியே சொல்லிவிட்டது.

"அறிவிப்பு அறைக்கு உடனடியாக ஒரு நர்ஸ் தேவை."

ஏழாம் வார்டு என்று சொல்லவில்லை. குருவி என்று சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் மறுபடி மைக்கின் பொத்தானில் விரல் வைப்பதற்குள் பலகையில் பச்சை.

ஐந்து.

எந்த விளக்கு முதலில் எரிகிறதோ, அங்கிருந்துதான் ஆள் வரும்.

நடைவழியின் கோடியில் லிஃப்ட் இறங்கும் முனகல் கேட்டது. அந்த லிஃப்ட் ஓடவில்லை என்று மதியம் அவளே அறிவித்திருந்தாள். கதவு திறந்தது. பிளாஸ்டிக் உறை மாட்டிய கால்கள். சரப்... சரப்... அவசரமில்லாத நடை.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போன வாரம் திரும்பச் சொல்லாமல் விட்டதை அழுதுகொண்டே சொன்னாள்.

"ஐந்தாம் வார்டு மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை முடிந்துவிட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போங்க, தயவுசெஞ்சு போயிடுங்க..."

ஐந்தாம் விளக்கு அணைந்தது. அவள் இன்னொரு முறை சொன்னாள். அது எரியவில்லை. கேட்பதற்கு இப்போது அங்கே யாரும் இல்லை.

சரப். கதவருகில்.

வெள்ளை உடை. உயரமான உருவம். கண்ணாடியில் துளிப் பனி இல்லை. உள்ளே கண் இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"குருவி?"

அது மெதுவாகத் திரும்பி முதுகைக் காட்டி நின்றது. தோளிலிருந்து இடுப்பு வரை எதையோ அழுத்தித் துடைத்த நீலக் கறை. கறையின் ஓரத்தில், துடைக்காமல் விட்டுப்போன ஒரு வால். கொஞ்சம் நீளமான வால்.

முழங்கால் லேசாக மடங்கியது. கையுறை போட்ட கை ஒன்று தோளுக்கு மேலாகப் பின்னால் நீண்டது. அதில் நீல மார்க்கர், மூடி கழற்றியபடி.

அவள் எழுதுவதற்காக அது காத்துக்கொண்டு நின்றது.