ரிலீவர் வரும்வரை

பாய் சில்லென்று இருந்தது.

நைட் ஷிப்ட் முடித்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்த இசக்கிபாண்டிக்கு அது பாதித் தூக்கத்தில்தான் உறைத்தது. மண்ணூரில் சரோஜா அக்கா வீட்டு மாடியறையில் ஆள் இரண்டு, பாய் ஒன்று. இவன் வேலைக்குப் போனால் சக்திகுமார் படுப்பான்; அவன் காலையில் எழுந்தால் இவன் விழுவான். சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க வேண்டாமே என்று நைட் ஷிப்டைக் கேட்டு வாங்கியவன் இசக்கிபாண்டி. ஒரே கம்பெனியில் வேறு அசெம்பிளி லைனில் பகல் வேலை சக்திகுமாருக்கு. முன்பெல்லாம் அந்தப் பாய் ஆறியதே கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவி மாரிசெல்வி, "அங்க எப்படி உறங்குதீய?" என்று கேட்டதற்கு, "ஒருத்தன் சூடு பண்ணி வச்சிருப்பான், நான் போய்ப் படுத்துக்கிடுவேன்" என்று சொல்லி, அவள் முகம் போன போக்கைப் பார்த்து அன்று பூராவும் சோறு கேட்கவே பயந்தவன்.

கொஞ்ச நாளாக, சக்திகுமார் முன்னதாகவே எழுந்துவிடுகிறான் போல என்று நினைத்திருந்தான். இன்று கதவைத் திறக்கும்போதுதான் சக்திகுமார் பாயிலிருந்து எழுந்தான். கண்ணால் பார்த்தான். ஆனாலும் அவன் எழுந்த இடத்தில் ஓர் ஆள் படுத்திருந்த வெதுவெதுப்பு கொஞ்சமும் இல்லை.

"குளிருதால?" என்று நின்றபடியே கேட்டான் சக்திகுமார்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு இசக்கிபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். ஏன் பொய் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

இருவருக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. பண்டிகைக்குக் கம்பெனி மூடினால் மற்றவர்கள் நேராக ஊருக்கு ஓடுவார்கள். இவர்கள் பாசஞ்சர் ரயிலில் ஏறி, வழியில் யாரும் இறங்காத ஒரு ஸ்டேஷனில் இறங்கி, ஒரு ராத்திரி தங்கிவிட்டுத்தான் போவார்கள். அதற்கு விதிகளும் உண்டு. அந்த ஊரைப் பற்றி இணையத்தில் எவனும் புகழ்ந்திருக்கக் கூடாது. அருவி, கோட்டை, அல்வா எதுவும் ஆகாது. ஒரு லாட்ஜும் ஒரு புரோட்டாக் கடையும் போதும். போன ஊருக்கு மறுபடி போகக் கூடாது. எல்லாம் சக்திகுமார் போட்ட சட்டம்.

போன தீபாவளிக்கு இசக்கிபாண்டியை ஓவர்டைமில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். சக்திகுமார் தனியாகப் போனான். ஈச்சந்துறை என்று ஓர் ஊர். திரும்பி வந்தவன் குறட்டை விடவில்லை, புரோட்டாவைப் பற்றிப் பேசவில்லை, பகல் தூக்கத்துக்காக ஜன்னலில் ஒட்டிவைத்த அட்டைப்பெட்டித் துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காதல் தோல்வியாக இருக்கும் என்று இசக்கிபாண்டி நினைத்து, ஆறுதலுக்கு இரண்டு முறை முட்டை புரோட்டா வாங்கிக் கொடுத்தான். இரண்டையும் அவனேதான் தின்ன வேண்டியிருந்தது.

நாளை முதல் பொங்கல் விடுமுறை. இந்த முறை ஊர்ப்பயணத்துக்குக் காரணம் வேறு. மாரிசெல்விக்கு வளைகாப்பு. குன்றத்தூரில் தேடித் தேடி வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டி, சுவராணியில் தொங்கிய பைக்குள் இருந்தது. கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து, பைக்குள் வளையல்கள் மெல்லச் சிணுங்கும். அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவது அவனுக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலை வேலைக்குக் கிளம்பும் முன் இசக்கிபாண்டி, போனில் ரயில் நேரத்தைத் துழாவியபடி, "விருதுநகருக்கு முந்தி ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்குல. லாட்ஜ் கெடைக்குமான்னுதான் தெரியல" என்றான்.

"ஈச்சந்துறை" என்றான் சக்திகுமார்.

"அங்கதான் நீ போயிட்டியே."

"நீ போகல."

"ரூல் போட்டவனே நீதான மாப்ள. வயசாயிட்டா உனக்கு?"

"நல்ல ஊரு. உக்கார எடம் உண்டு."

"உக்காரதுக்கு இவ்வளவு தூரம் போகணுமாக்கும். அங்க அப்படி என்னதான் நடந்துச்சி?"

சக்திகுமார் ஜன்னல் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "பிளாட்பாரத்துல பெஞ்சி. ஒரு ஆளு இருந்தாரு. டீ குடிச்சிட்டு வாரேன், எடத்தச் செத்த பாத்துக்கோன்னு சொல்லி, தோள்ல தட்டுனாரு. பாத்துக்கிடுதேன்னு சொல்லியாச்சி."

இசக்கிபாண்டிக்குச் சிரிப்பு வந்தது. லைன்காரன் வேறென்ன சொல்வான்? லைனில் இடம் காலியாக இருக்கக் கூடாது. ஒன்றுக்குப் போகவேண்டுமென்றாலும் ரிலீவர் வரவேண்டும். தோளில் தட்டு விழுந்ததும், "பாத்துக்கிடுதேன், போயிட்டு வா" என்று ஒருவன் நிற்க, மற்றவன் நகர்வான். யார் தட்டினாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். தன் கல்யாணப் பந்தியிலேயே, மாமனார் சாம்பார் வாளியை வைத்துவிட்டுத் தோளைத் தட்டி "இந்தா வந்துருதேன்" என்றதும், மாலையோடு எழுந்து வாளியைத் தூக்கி மூன்று இலைக்குப் பரிமாறியவன் இசக்கிபாண்டி.

"பொறவு?" என்றான் சிரித்துக்கொண்டே.

"பொறவென்ன. டீ நல்லா இருந்துச்சி."

படியிறங்கும்போது கீழே தொட்டியருகே சரோஜா அக்கா நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, உன் ஃப்ரண்டுக்கு வேல போயிடுச்சா?"

"இல்லியேக்கா. டெய்லி போறானே."

"எங்க போறாரு? நீ வந்து படுத்தா அவரும் வூட்லயேதான் கீறாரு. மோட்டர் போட மேல வரப்போ பாக்கறேன் இல்ல. நீ தூங்கினு கீற, அவரு உன் தலமாட்டாண்ட குந்திகினு உன் மூஞ்சியையே பாத்துனு கீறாரு. கண்ணு கூட மூடல. தீபாவளிலேர்ந்து இதான் நடக்குது. நம்ப இன்னாத்துக்கு கேக்கணும்னு வுட்டுட்டேன்."

கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் அவன் தூங்கவில்லை. ஒரகடம் ரோட்டின் விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தில் விழுந்து விலகின. கம்பெனி கேட் தெரியும்போதுதான் சக்திகுமார் சொன்ன அந்த வார்த்தை உறைத்தது. டீ நல்லா இருந்துச்சி. டீ குடிக்கப் போனது பெஞ்சில் இருந்த ஆள். இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது சக்திகுமார். அப்படியென்றால் டீ குடித்தது யார்? அறைக்குத் திரும்பி வந்தது யார்?

பேய்க்குப் பயந்து வேலையைக் கெடுத்தான் என்று லைனில் தெரிந்தால் ஒரு வருடம் ஓட்டுவார்கள். அதனால் இரவு முழுவதும் ஸ்க்ரூ முடுக்கியபடி, யாரிடமும் சொல்லாமல் பயந்தான். விடிவதற்குள் தீர்மானமாகிவிட்டது. இடையில் எந்த ஊரும் வேண்டாம். தாம்பரத்துக்குப் போய் நேராக ரயில். பையை மட்டும் எடுக்கவேண்டும். அதை விட்டுவிட்டு ஓடலாம்தான். ஆனால் வளையல் இல்லாமல் மாரிசெல்வி முன்னால் நிற்பதை நினைத்தால் பேயே தேவலாம் என்று இருந்தது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. எடு, இறங்கு, போ.

காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரோட்டில் ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன, சரோஜா அக்கா வீட்டில் மிளகாய் வறுக்கும் நெடி, எதிர் வீட்டில் யாரோ வாளியைத் தடாலென்று வைத்தார்கள். இத்தனை சத்தத்துக்கு நடுவில் எந்தக் கெட்டதும் வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடியேறினான். கதவைத் தள்ளினான். உள்ளே ஜன்னல் அட்டைகளின் பழகிய இருட்டு. ஆனால் வாசனை பழகியதல்ல. துரு. வெயிலில் காய்ந்த ஜல்லி. பழைய மூத்திரம்.

ரயில் நிலைய வாசனை.

பாய் காலியாக இருந்தது. சக்திகுமார் இல்லை. இசக்கிபாண்டிக்கு உயிர் வந்தது. ஆணி பாய்க்கு நேர் மேலே. செருப்போடு பாயில் ஏறி நின்று பையை எட்டினான். வளையல்கள் சிணுங்கின. கீழே லாரி எதுவும் போகவில்லை.

தோளில் ஒரு தட்டு விழுந்தது.

லேசாக. பழகிய கையின் தட்டு.

"டீ குடிச்சிட்டு வாரேன். செத்த பாத்துக்கோ."

"பாத்துக்கிடுதேன், போயிட்டு வா."

வாய் சொல்லிவிட்டது. அவன் சொல்லவில்லை. வாய்.

முழங்கால் தானாக மடிந்தது. உட்கார்ந்தான். பாய் இல்லை. சிமெண்ட். பெஞ்சின் சில்லிப்பு தொடையில் ஏறியது. எழப் பார்த்தான். உடம்பு அசையவில்லை. இடம் காலியாக இருக்கக் கூடாது.

ஆணியில் பை இல்லை.

படியில் காலடி இறங்கியது. முதல் சில படிகளில் சக்திகுமாரின் செருப்புச் சத்தம். பிறகு இவனுடையது. சரோஜா அக்காவின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "இன்னா தம்பி, ஊருக்கா?" பதில் சொன்னது இவன் குரல். "ஆமாக்கா. வளைகாப்பு."

"சொல்லிட்டியால?"

குரல் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பினான். தீபாவளிச் சட்டையில் சக்திகுமார் இருந்தான். சட்டை வெளுத்திருந்தது. முழங்கால் மேல் கையை வைத்து, லைனில் முறை வரக் காத்திருப்பவன்போல் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்பால் இன்னொருவர். அவருக்கும் அப்பால். பிளாட்பாரத்தின் கடைசிவரை. எல்லார் முகமும் தண்டவாளத்தைப் பார்த்து.

"சொல்லிராதேன்னு கத்திக்கிட்டே கெடந்தேன் மாப்ள" என்றான் சக்திகுமார். அழுதிருந்தான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

அட்டைகள் இருந்த இடத்தில் வெளிச்சம் திறந்தது. மஞ்சள் பலகையில் ஈச்சந்துறை. ரயில் ஒன்று நின்றிருந்தது. யாரும் இறங்கவில்லை. மெல்ல நகர்ந்தது. ஜன்னலோரத்தில் இசக்கிபாண்டி உட்கார்ந்திருந்தான். காதில் போன். மடியில் வளையல் பெட்டி. பெட்டியைத் திறந்து ஒரு வளையலை எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"கிளம்பிட்டேன் மாரி" என்றான். பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தான்.