இடது பாக்கெட்

நாங்கள் அந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம்தான் ஆகியிருந்தது. அதற்குள் வரவேற்பறையில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். காயாத கம்பளியின் வாடை. எங்களைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை.

குளிர்காலத்தில்தான் நாங்கள் ஊர் சுற்றுவோம். நான் சின்னதாக ஒரு சலூன் வைத்திருக்கிறேன். குளிர் வந்துவிட்டால் காது மறைய முடி இருந்தால் தேவலை என்று ஜனங்கள் என் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. கேட்டால் லீவு கிடைக்கும். ஊரே வெயிலைத் தேடி ஓடும்போது நாங்கள் உறைந்த அருவி, உறைந்த ஏரி, ஆளில்லாத பூங்கா என்று பார்த்துக்கொண்டு திரிவோம். இரண்டும் லூசு என்பாள் என் நாத்தனார். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்களுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி கையுறை. முதல் பயணத்திலேயே என்னுடையதை நான் பஸ்ஸில் விட்டுவிட்டேன். அவர் தன் இடது கையுறையைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். மிச்சமிருந்த இரண்டு வெறுங்கைகளை, அவருடைய இடதையும் என்னுடைய வலதையும், அவர் கோட்டின் இடது பாக்கெட்டுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டோம். அப்புறம் புது ஜோடி வாங்க மனசு வரவில்லை. சண்டை போட்டாலும் கை பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். வாய்க்குத்தான் சண்டை, கைக்கு என்ன வந்தது? இது நான் போட்ட சட்டம்.

"உன் கை கை இல்ல, உப்புத்தாள்" என்பார். கத்திரி பிடித்துப் பிடித்து என் வலது கட்டைவிரலிலும் மோதிரவிரலிலும் காய்ப்பு விழுந்திருக்கிறது. பாக்கெட்டுக்குள் அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே நடப்பார். எனக்கு அது பிடிக்கும்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளின் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து ஆடியது. சாவியம்மா என்று உடனே பெயர் வைத்துவிட்டோம்.

"ஏரியைச் சுத்திப் பலகைப் பாதை போட்டிருக்காங்க. நாளைக்கு அங்கதானே போவீங்க?" என்றாள். "மூடுபனி இறங்கிட்டா மட்டும் வாயை மூடாதீங்க. பாடுங்க, திட்டிக்கோங்க, என்னமோ பண்ணுங்க. ரெண்டு பேர் குரலும் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

"அந்தக் கவலையே வேணாம்மா" என்றார் அவர். "இவ வாய் மூடினா நான் டாக்டரைத்தான் கூப்பிடணும்."

அவள் சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் மலைமேல் போகும் ரோப் கார். உச்சியிலிருந்து பார்த்தால் ஏழு சிகரம் தெரியும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எந்தச் சிகரத்தைப் பார்த்தார்? மேலே போய் இறங்கியதும் நேராக மோட்டார் ரூமுக்குள் நுழைந்துவிட்டார். அங்கே இருந்த ஆபரேட்டரோடு கேபிள், பிரேக், பல்சக்கரம் என்று ஒரே பேச்சு. வெளியே நான் மூக்கு ஒழுக நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது மூடுபனி ஏறி ஏழு சிகரத்தையும் முழுங்கிவிட்டது.

"நீங்க ஒரு மோட்டாரையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்றேன்.

"இருக்கலாம். மோட்டார் இவ்வளவு சத்தம் போடாது" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆபரேட்டர் சிரித்துவிட்டான். எனக்குச் சுருக்கென்றது.

"சரி. இனிமே நான் பேசல."

"நானும் பேசல."

யார் முதலில் பேசுகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் தோற்றதில்லை.

அப்படியேதான் ஏரிக்குப் போய், காரை விட்டு இறங்கி நடந்தோம். உம்மென்று இரண்டு முகம், பாக்கெட்டுக்குள் இரண்டு கை. ஏரி சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தது. கரையை ஒட்டிப் பலகைப் பாதை வளைந்து போயிற்று. பாதி தூரம் போவதற்குள் மூடுபனி இறங்கியது. அடுத்த பலகை தெரிந்தது, அதற்கடுத்தது தெரியவில்லை. ஏரிக்குள் எங்கேயோ ஐஸ் விட்டு விட்டு முனகியது. சாவியம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. அதற்காக நான் தோற்பதா என்று வீம்பாக நடந்தேன்.

விரல்களில் உணர்ச்சியே போய்விட்டது. என் கை எது, அவர் கை எது என்று எனக்கே தெரியவில்லை.

என் ஷூ லேஸ் அவிழ்ந்தது. பாக்கெட்டிலிருந்து கையை உருவிக்கொண்டு குனிந்தேன். அவர் நின்றார், திரும்பிப் பார்க்கவில்லை. மரத்த விரலால் முடிச்சுப் போட நேரமாயிற்று; அதற்குள் விரலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியது. ஒருவழியாகக் கட்டி முடித்து எழுந்து, பழையபடி அவர் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன்.

உள்ளே ஏற்கெனவே இரண்டு கை இருந்தது.

ஒன்று அவருடையது, பெரியது. இன்னொன்று சின்னது. வழவழவென்று இருந்தது.

கதகதப்பாக இருந்தது.

நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன். என் கை வெளியே வந்ததும் அவர் நடக்கத் தொடங்கினார். அவருக்கு இடப்பக்கம், நான் நடக்க வேண்டிய இடத்தில், வெறும் மூடுபனி. ஆனால் அந்தப் பாக்கெட் புடைத்திருந்தது. நான் கூட நடக்கும்போது எப்படிப் புடைத்திருக்குமோ அப்படி.

"ஏங்க" என்றேன்.

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"ஏங்க! நில்லுங்க! நான் இங்க இருக்கேன்!"

அவர் திரும்பவே இல்லை. மூடுபனி அவரை மூடியது. எனக்குக் கேட்டதெல்லாம் பலகைமேல் காலடிச் சத்தம்தான்.

இரண்டு பேருடைய காலடிச் சத்தம்.

விழுந்து எழுந்து ஓடினேன். பாதை முடியும் இடத்தில் மூடுபனி விலகி, எங்கள் கார் தெரிந்தது. அதன்மேல் சாய்ந்துகொண்டு அவர் தனியாக நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. இடது கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

"பின்னாடி என்னவோ உன் குரல்ல கூப்பிட்டுச்சு" என்றார் மெதுவாக. "நீ எந்தக் காலத்துல முதல்ல பேசியிருக்க? அதான் திரும்பல. உன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டேன்."

நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கார்ச் சாவியை வலது கையால் எடுத்து நீட்டினார்.

"நீயே ஓட்டு."

விடுதியைக் காலி செய்யும்போது அவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். சாவியம்மா ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாள். அந்தப் பாக்கெட்டைத்தான் பார்த்தாள்.

"பேசாம போனீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"யாரும்மா அது?"

"யாருக்குத் தெரியும். எவனோ என்னைக்கோ ஒருத்தியைக் கைவிட்டுட்டுப் போயிருப்பான்." குரலை இன்னும் தாழ்த்தினாள். "உதறினா போகாது. வேற யாராவது கையைக் குடுத்தாத்தான் அவரை விட்டு அந்தக் கையைப் பிடிக்கும். நீங்க குடுத்துடாதீங்கம்மா. சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கோட்டைக் கழற்றவே இல்லை. சாப்பிடும்போதும் இடது கை பாக்கெட்டில். வற்புறுத்தினால் வெளியே எடுப்பார்; வெறும் கைதான். ஆனால் விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்தே இருக்கும். தொட்டால் சில்லென்றிருக்கும். ஊசியால் குத்தினால்கூடத் தெரியவில்லை. நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டர். மரப்பு மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கையைத் தாண்டியது. அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார்.

மோட்டாரைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தினார். டிவியைப் பார்ப்பார், அது ஓடுகிறதா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. என்னைப் பார்ப்பதும் அப்படித்தான். கூப்பிட்டால் வருவார், உட்காரச் சொன்னால் உட்காருவார். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தும் வீட்டில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. அழுகைகூட வரவில்லை எனக்கு. மரப்பு தோள்வரைக்கும் வந்துவிட்டது. தோளிலிருந்து நெஞ்சு எவ்வளவு தூரம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். முடி காடாக வளர்ந்திருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, கோட்டைக் கழற்றினேன். வெள்ளைத் துணியைப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் கிளிப் போட்டேன். சீப்பை இடது கையிலும் கத்திரியை வலது கையிலும் எடுத்துக்கொண்டேன். பின்னந்தலையிலிருந்து ஆரம்பித்தேன்.

கண்ணாடியில் துணியைப் பார்த்தேன்.

வலது கைப்பிடியின்மேல் ஒரு மேடு, அவருடைய வலது கை. மடியில் ஒரு மேடு, இடது கை.

அதை ஒட்டி இன்னொரு மேடு.

வெட்டி விழுந்த முடி அதன்மேல் கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாக அசைந்து, அவர் கையை இன்னும் நெருங்கியது. முடி சரிந்து கீழே விழுந்தது.

"அது என் கை இல்லைங்க" என்றேன். எத்தனையோ வாரமாகத் தொண்டையில் கிடந்தது. "விட்டுடுங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "காருக்குப் பக்கத்துல நிக்கும்போதே விரல்ல கொஞ்சம் உணர்ச்சி வந்துச்சு. தடவிப் பார்த்தேன். காய்ப்பு இல்ல. அப்பவே விட்டுட்டேன்."

"அப்புறம்?"

"அதுதான் விடல."

இதைச் சொல்லும்போதும் அவர் குரலில் பயமோ வருத்தமோ எதுவுமில்லை. கரண்ட் போன லிஃப்ட் மாதிரி உட்கார்ந்திருந்தார். பனிக்குள் என் குரலுக்குத் திரும்பாமல் போனாரே, அதுவும் என்னைக் காப்பாற்றத்தான். இந்த மனுஷனை நான் எங்கே போய்த் தேடுவேன்?

கத்திரி பிடிக்கும் கையைத் தர மனம் வரவில்லை. அதுதான் எங்களுக்குச் சோறு போடும் கை. சீப்பைக் கீழே வைத்தேன். இடது கையைத் துணிக்கு அடியில் விட்டேன்.

"அவரை விடு" என்று முணுமுணுத்தேன். "என்கிட்ட வா."

அது யோசித்த மாதிரி இருந்தது.

அப்புறம் கதகதப்பாக, ஒவ்வொரு விரலாக, என் கையைப் பிடித்தது.

அவருக்கு உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. "ஐயோ!" என்று இடது கையை உதறினார். "எரியுதே! ஏய், எரியுது! உணர்ச்சி வந்துடுச்சு!" விரல்களை மடக்கினார், நீட்டினார், குழந்தை மாதிரி அழுதார். "போயிடுச்சு. என்ன பண்ண நீ?"

"ஒரு அதட்டு அதட்டினேன்."

"அதானே! உன் வாய்க்குப் பயந்து ஓடியிருக்கும்" என்று சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. நானும் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

இது நடந்து ஒரு வருஷமாகிறது. அவர் வேலைக்குப் போகிறார், மோட்டார் பேச்சு ஓய்வதில்லை. எனக்கு இடது தோள்வரை மரத்துப் போயிருக்கிறது. சீப்பு பிடிக்க முடியாததால் கடையில் இப்போது மெஷின் கட்டிங் மட்டும்தான். என்னக்கா, வாயே திறக்க மாட்டேங்கிறீங்க என்கிறார்கள் வாடிக்கையாளர்கள். கழுத்து வலி என்கிறேன். அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷமே தன் கையை நீட்டிவிடுவார்.

மறுபடியும் குளிர் வந்துவிட்டது. உறைந்த அருவி ஒன்றைப் பார்க்கக் கிளம்பலாம் என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். பாதை அகலமா என்று மட்டும் கேட்டேன். மூன்று பேர் நடக்கத் தேவையான அகலம் என்று சொல்லவில்லை. லேஸ் இல்லாத ஷூ வாங்கிக்கொண்டேன். வழியில் எதற்காகவும் நான் அவர் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

ஏனென்றால் நேற்று, என் வலது கையை என் கோட்டின் இடது பாக்கெட்டுக்குள் விட்டு, என் இடது கையைப் பிடித்திருக்கும் அதைத் தடவிப் பார்த்தேன். முன்பு வழவழவென்று இருந்த கை. இப்போது கட்டைவிரலிலும் மோதிரவிரலிலும் காய்ப்பு விழுந்திருக்கிறது.

காலையில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, வலது கையுறையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பாக்கெட்டை விரித்துப் பிடித்தார்.

"வா, உப்புத்தாள். கையைக் குடு."

நான் நீட்டுவதற்கு முன்னால், என் இடது பாக்கெட்டுக்குள் அது அசைந்தது.