சாயாத மூக்குக் கண்ணாடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருஷம், சித்திரை இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த பகலில், வாணியம்பாடி வீட்டின் முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: குடும்பத்துக்கு மூத்தவர் ஆபித் பாஷா, காலஞ்சென்ற அவருடைய அண்ணனின் ஒரே மகன் மக்பூல் அகமது, ஆம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டின் சார்பில் வந்திருந்த இனாயத்துல்லா சாயபு, வாசற்படியில் தோல் மண்டி மேஸ்திரி பெருமாள், உள்வாசல் திரைக்குப் பின்னால் மக்பூலின் அக்காள் அன்வரி பேகமும் தங்கை தில்ஷாத்தும். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் அன்று அந்தத் தெருவிலேயே இல்லை.

பேச்சு தில்ஷாத்தின் நிக்காஹ் பற்றியது. வைகாசி ஏழு என்று நாள் குறித்தாகிவிட்டது. இனாயத்துல்லா சாயபு சர்பத் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மக்பூலை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உங்க கண்ணாடி ஒரு பக்கமா சாஞ்சிருக்குதே. எங்க ஊர் தட்டான் கிட்ட குடுத்தா கம்பிய நிமித்தித் தருவான்."

"காலைல கீழ விழுந்துச்சு சாயபு," என்று மக்பூல் சிரித்தபடி கண்ணாடியை நேராக்கிக்கொண்டான்.

கண்ணாடி கீழே விழவில்லை. நேராக்கிய கையை எடுத்ததும் அது மெள்ள, தூங்கி விழுபவனின் தலை போல, மறுபடி இடது பக்கம் சாய்ந்தது. மூக்குத் தண்டில் விரலை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. இடது பக்கம், பிசைந்த மாவைத் தொட்டதுபோல, விரல் சற்றே உள்ளே போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன், ரயிலடியில் வண்டியிலிருந்து இறக்கும்போது ஒரு தோல் கட்டு சரிந்து மக்பூலின் முகத்தில் விழுந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மூக்கின் நடு எலும்பு நொறுங்கி, மூக்கு சேணம் போல உள்வாங்கிவிட்டது. அப்படி உள்வாங்கிய மூக்கைப் பார்த்தால் ஊரில் ஒரே ஒரு பெயர்தான் சொல்வார்கள். மேக நோய். தாசி வீட்டுக்குப் போனவனுக்கு வரும் நோய். அந்த நோய் இந்தக் குடும்பத்தில் எவருக்கும் என்றைக்கும் வந்ததில்லை. ஆனாலும் பேச்சு பரவியது. தில்ஷாத்துக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் காரணம் சொல்லாமல் திரும்பிப் போயின.

மார்கழி மாதம் மக்பூல் சரக்கு விஷயமாகப் பட்டணம் போவதாகச் சொல்லி ரயிலேறினான். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர், உருக்கிய மெழுகை ஊசியில் ஏற்றி அவன் மூக்குத் தோலுக்கு அடியில் செலுத்தினார். அது ஆறி இறுகுவதற்குள் இரண்டு விரலால் பிடித்து, குயவன் போல, ஒரு மூக்கைச் செய்தார். நிமிர்ந்த, அழகான மூக்கு. திரும்பி வந்தவனைப் பார்த்து ஆபித் பாஷா முதன்முறையாகத் தட்டிக் கொடுத்தார். "உங்க ஊர் வெயில் எவ்வளவு?" என்று மட்டும் டாக்டர் கேட்டிருந்தார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கை கழுவப் போய்விட்டார்.

இனாயத்துல்லா சாயபு எழுந்திருக்கும்போது சொன்னார்: "ஒரு விஷயம் பாஷா பாய். பொண்ணுக்குத் தகப்பன் இல்ல. அண்ணன் தான் பக்கத்துல உக்காந்து சம்மதம் சொல்லணும். சாச்சா நீங்க சொன்னா போதும்னு வுட்றாதீங்க. எங்க ஊர்ல நாலு வாய் நாலு விதமா பேசுது. கண்ணால பாத்துட்டுப் போவட்டும்."

"பாக்கட்டும்," என்றார் ஆபித் பாஷா. "நல்லா பாக்கட்டும்."

பதினெட்டு நாள் இருந்தது. கத்திரி வெயில் தொடங்க இரண்டே நாள்.

மக்பூல் பின்கட்டில் இருந்த இருட்டறைக்குப் போனான். சன்னல்களுக்கு ஈரக் கோணி கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, மல்லாந்து படுத்தான். காலையில் மூக்கு கல்லாக இருக்கும். பத்து மணிக்கு மேல், பாலாற்று மணலில் பட்ட வெயில் ஊரெல்லாம் பரவி, தோல் பதனிடும் மண்டிக் குழிகளிலிருந்து சுண்ணாம்பும் ஊறின பட்டையும் அழுகின சதையும் கலந்த நாற்றம் சுவரைத் தாண்டி வந்து அறையில் நிறையும்போது, தோலுக்கு அடியில் ஒரு நெகிழ்வு தொடங்கும். வலி இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. உறங்கும் ஒருவன் போர்வைக்குள் புரண்டு படுப்பதுபோல ஏதோ ஒன்று தன் வசதிக்குப் புரண்டது. காதுக்குள் மிக மெல்லிய ஓசை, ஈர உதடுகள் பிரியும் ஓசை, கேட்டது. வலது பக்கம் சரிந்து படுத்தால் அது வலது பக்கம் வழிய வேண்டும். வழியவில்லை. மேல்நோக்கி, இடது கண்ணுக்குக் கீழே, ஏறிப் போயிற்று.

அன்வரி பேகம் தினமும் கட்டைவிரலால் அதை அழுத்தி மூக்குப் பக்கம் தள்ளிவிடுவாள். ஐந்தாம் நாள் பகல் அழுத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்தாள். விரலைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா ஆபா?"

"ஒண்ணுமில்ல. கட்டி மாதிரி இருக்குது."

"கட்டின்னா ஏன் கைய எடுத்த?"

அவள் எழுந்து போனாள். மக்பூல் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, சன்னல் கோணியை விலக்கிப் பார்த்தான். இடது கன்னத்தின் மேல், கண்ணுக்குக் கீழே, பெருவிரல் அளவில் ஒரு மேடு. நடுவில் கூரான தண்டு. கீழே வர வரச் சற்று அகன்று, அடியில் இரண்டு சிறு பள்ளம். டாக்டர் விரலால் பிடித்த அதே வடிவம். மெழுகு அதை மறக்கவில்லை. போன இடத்தில் தன் மூக்கைத் தானே செய்துகொண்டிருந்தது.

அவன் மூச்சு விட்டபோது அந்த இரண்டு பள்ளமும் லேசாக அகன்றதுபோல இருந்தது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான்.

சாயங்காலம் தில்ஷாத் கதவுக்கு வெளியே வந்து உட்கார்ந்தாள்.

"பாய்ஜான், உன் பழைய மூக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா? எலுமிச்சம்பழம் வச்சா உருளாம நிக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அந்தச் சப்பை மூக்கால் அவன் தாராளமாக மூச்சு விட்டான், சளி பிடித்துத் தும்மினான், பிரியாணி வாசனை பிடித்தான். அது அவனுடையதாக இருந்தது. இனி எந்த டாக்டரும் அதைத் திருப்பித் தர முடியாது.

"இந்த நிக்காஹ் நின்னா நிக்கட்டும் பாய்ஜான். நான் ஒண்ணும் அழ மாட்டேன்."

"பைத்தியக்காரி. மூணாவது சம்பந்தமும் திரும்பிப் போனா நாலாவது வராது. உள்ள போ."

மறுநாள் விடியலில் பெருமாள் மேஸ்திரியை வரவழைத்தான்.

"பெருமாள், முதல் தர ஆவாரம்பட்டைத் தண்ணி ஒரு குடம் வேணும். கொஞ்சம் கடுக்காயும்."

"எதுக்கு சின்ன மொதலாளி?"

"குதிரைக்கு. முதுகுல புண்ணு."

"நம்ம கிட்ட குதிரை ஏது? போன வருசமே வித்துட்டமே." பெருமாள் சிரித்தான். அறை இருட்டில் மக்பூலின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "மொதலாளி, பட்டைத் தண்ணி செத்த தோலுக்கு. உசுரு இருக்கிற தோலு அதைக் குடிக்காது."

"ஏன் குடிக்காது?"

"மேல் தோலு வுடாது. சுண்ணாம்புல போட்டு மயிரும் மேல் தோலும் கழண்டாத்தான் பட்டை உள்ள ஏறும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மூன்று தலைமுறையாகத் தோலைத் தவிர வேறு எதையும் அறியாத குடும்பம் அது. நெகிழ்ந்த தோல் பட்டை குடித்தால் இறுகும். இறுகிய தோலுக்கு அடியில் மெழுகு எங்கே நகரும்? மண்டியில் ஆயிரம் முறை கண்ணால் கண்ட வேலை. அதில் அவனுக்குச் சந்தேகமே எழவில்லை.

"சரி," என்றான் மக்பூல். "சுண்ணாம்பும் கொண்டா."

அன்று பகல் மெழுகு நெகிழ்ந்ததும் மேட்டை அழுத்தி மூக்கோடு சேர்த்தான். மறுநாள் காலை, அது கல்லாக இறுகியிருக்கும்போது, துணியைச் சுண்ணாம்பில் தோய்த்து முகத்தில் போட்டுக்கொண்டான். வாயில் தலையணையைக் கடித்துக்கொண்டான். இரண்டு நாளில் மேல் தோல் வெங்காயச் சருகு போல உரிந்தது. தவிட்டு நீரால் கழுவினான். பிறகு பட்டைத் தண்ணீர். காலை ஒரு துணி, பகல் ஒரு துணி, அந்தியில் ஒரு துணி. எரிச்சல் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் இல்லை. ஆறாம் நாள் அன்வரி பேகம் வைத்த ஈரத்துணியின் குளிர்ச்சியும் தெரியவில்லை.

உயிருள்ள தோல் பட்டை குடித்துவிட்டது.

மெழுகு நகரவில்லை. நடுப்பகலில் மல்லாந்து படுத்துக் காத்திருந்தான். உச்சி வெயில் ஓடுகளைச் சுட்டது. காகம்கூடக் கத்தவில்லை. மூக்கு நிமிர்ந்து நின்றது. மூக்குக் கண்ணாடியை மாட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான். நேராக இருந்தது. முகம் இளஞ்செம்மஞ்சள் நிறத்தில், வழவழவென்று, ஒரு வடுவும் இல்லாமல் இருந்தது. சந்தோஷத்தில் சிரித்தான்.

கண்ணாடியில் இருந்த முகம் சிரிக்கவில்லை.

மறுபடி சிரித்துப் பார்த்தான். உதடு மட்டும் ஒரு நூலளவு பிரிந்தது. விரல் நகத்தால் கன்னத்தில் தட்டினான். டொக், டொக். மண்டியில் காய்ந்த தோலைச் சுண்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும்போது கேட்கும் சத்தம். முதல் தரம்.

"ஆபா, என் மூஞ்சியத் தொடு."

"தொட்டுக்கிட்டுத் தான் இருக்கேன் தம்பி," என்றாள் அன்வரி பேகம்.

வைகாசி ஏழாம் தேதி பந்தலில் முந்நூறு பேர் இருந்தார்கள். ஆம்பூர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மக்பூலின் கையைப் பற்றி, முகத்தைப் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போனார்கள். இனாயத்துல்லா சாயபு தன் ஆட்களைப் பார்த்து, "மூக்குன்னா இது மூக்கு. இன்னா சொல்றீங்க இப்போ?" என்று உரக்கக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். ஆபித் பாஷா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

பந்தலின் ஓலைக்கு மேல் கத்திரி வெயில் நின்றது. வெற்றிலை, அத்தர், நெய், பின்கட்டில் தம் போட்டிருந்த பிரியாணியின் ஆவி, முந்நூறு பேருடைய வேர்வை, எல்லாம் சேர்ந்து காற்றில்லாத ஒரு கனத்த சூடாக மக்பூலின் மேல் இறங்கியபோது, பல நாளாகக் கேளாதிருந்த அந்த ஓசை கேட்டது. ஈர உதடுகள் பிரியும் ஓசை.

நெகிழ்கிறது.

இடது பக்கம் போயிற்று. தோல் விடவில்லை. வலது பக்கம். விடவில்லை. மேலே, நெற்றிப் பக்கம். அங்கும் அவன் கையால் பதனிட்ட தோல். அது நின்றது. யோசிப்பதுபோல நின்றது. வெளியே போக வழி இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

பிறகு உள்ளே திரும்பியது.

எலும்பு நொறுங்கிய இடம் ஒன்று இருந்ததே. அந்த வழியாக. கண்ணுக்குப் பின்னால் ஒரு வெதுவெதுப்பு. அண்ணத்தின் மேல் ஒரு கனம். மூச்சு ஒரு பக்கம் அடைத்தது. கத்த வேண்டும். முகம் அசையவில்லை. எதிரே இருந்தவர்கள் அவனைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எவ்வளவு அமைதியான பையன்.

காஜி கேட்டார்: "மக்பூல் அகமது, உங்கள் தங்கை தில்ஷாத்தை மணம் முடித்துத் தரச் சம்மதமா?"

ஒரே வார்த்தை. அது முடியட்டும். அதன் பிறகு எதுவும் ஆகட்டும்.

தொண்டைக்கு மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. தண்டு. அடியில் அகலம். இரண்டு பள்ளம். அது தன்னைச் செய்துகொண்டது. செய்து முடித்தது.

"சம்மதம்," என்றான்.

அவன் உதடு பிரிவதற்கு முன்பே அந்த வார்த்தை வந்துவிட்டதைத் திரைக்குப் பின்னால் இருந்த தில்ஷாத் மட்டும் கவனித்தாள். குரலும் அவனுடையது அல்ல. மூக்கால் பேசும் குரல்.

அவன் மூச்சை இழுத்தான். அவனுக்கு முன்னால், உள்ளே, வேறொன்று இழுத்துக்கொண்டது.

மக்பூல் அகமது அந்தப் பந்தலிலேயே இறந்துபோனான் என்றும், விருந்து முடியும்வரை குடும்பத்தார் பிணத்தை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தார்கள் என்றும் ஆம்பூரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். மக்பூல் அகமது அன்று இறக்கவில்லை. பத்தொன்பது கோடை இந்த வீட்டில், பின்கட்டு அறையில் இருந்தான். தலைமயிர் நரைத்தது, கைகள் சுருங்கின, முதுகு வளைந்தது. முகம் மட்டும் இருபத்தேழு வயதில், வழவழவென்று, அப்படியே நின்றது. கண்ணாடி ஒருநாளும் சாயவில்லை. சித்திரை மாதத்து நடுப்பகலில், அவன் வாயை இறுக மூடிக்கொண்டு அழும்போது, அந்த முகத்துக்குப் பின்னாலிருந்து வேறொரு மூச்சு நிதானமாக வந்து போய்க்கொண்டிருந்ததை வீட்டில் எல்லாரும் கேட்டார்கள்.

பிணத்தை உட்காரவைத்தார்கள் என்பது பொய்.