சாவி சின்னராஜிடம் இருக்கிறது

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காலை ஒன்பது மணிக்குச் சின்னராஜ் பள்ளத்தின் கேட்டைத் தள்ளினான். பத்து மாதமாக யாரும் தொடாத கேட், லேசில் திறக்கவில்லை.

கீழ் கோத்தகிரிப் பக்கம், இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கிடக்கும் சதுப்பு நிலம் அது. கோரைப்புல், கறுத்த சேறு, அங்கங்கே அசையாத தண்ணீர். அதன்மேல் முந்நூறு அடி நீளத்துக்குப் பலகைப் பாதை. மேலே எஸ்டேட் பங்களாவில் தங்க வரும் குடும்பங்களுக்கு இந்த நடைதான் காலைப் பொழுதுபோக்கு. உள்ளான் பறவை பார்க்கலாம், தவளை பார்க்கலாம், கொடுத்து வைத்திருந்தால் அக்கரையில் காட்டுமாடு மேய்வதையும் பார்க்கலாம்.

மேனேஜர் சிவகுரு புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தார். 'குழந்தைகளுக்கு முற்றிலும் பாதுகாப்பானது.' பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. போர்டுக்குக் காட்டிய அக்கறையில் பாதியைப் பலகைகளுக்குக் காட்டியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி வைத்ததோடு அவர் வேலை முடிந்துவிட்டது.

"சின்னராசு, இன்னைக்கு ஆறு குழந்தைங்க. பேசிக்கிட்டே கூட்டிட்டுப் போப்பா. அந்தப் பழைய வெளையாட்டு வேண்டாம்."

"எந்த வெளையாட்டுங்க?"

சிவகுரு அவன் முகத்தைப் பார்த்தார். "அதேதான். எந்த வெளையாட்டும் இல்ல," என்றார்.

இருவரும் சேர்ந்து வளர்த்த பொய் அது. நன்றாகவே வளர்ந்திருந்தது.

உண்மையில் ஒரு விளையாட்டு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவனே சின்னராஜ்தான். உள்ளான் சரியான பயந்தாங்கொள்ளிப் பறவை. ஒரு குழந்தை தும்மினால் போதும், பறந்துவிடும். அதனால் அவன் வாய்ப்பூட்டு விளையாட்டைக் கொண்டுவந்தான். கேட்டருகே ஒவ்வொரு குழந்தையும் உதட்டை இறுக்கி, உதட்டோரம் இரண்டு விரலை வைத்துத் திருகிப் பூட்ட வேண்டும். இல்லாத சாவியை அவன் கையில் கொடுக்க வேண்டும். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அக்கரை சேர்ந்ததும் ஒவ்வொருவருக்காக அவனே திறந்துவிடுவான். அதுவரை வாய் திறக்கக் கூடாது. முன்னால் அவன் பிடித்துப் போகும் கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சு. அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். பூனை மாதிரி சத்தமில்லாமல் வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பெற்றோர்கள் அவனைக் கொண்டாடினார்கள்.

பெரியவர்களுக்குத்தான் அது விளையாட்டு. பிள்ளைகள் நிஜமாகவே பூட்டிக்கொள்வார்கள்.

சென்ற ஜனவரியில் ஏழு குழந்தைகள். ஏழாவது முடிச்சில் கோயம்புத்தூரிலிருந்து வந்த சுவாதி. வயதும் ஏழு. மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அவள் அம்மா ராஜப்ரியா குனிந்து, "அங்கிள் என்ன சொல்றாரோ அதக் கேட்டு நட கண்ணு," என்று சொல்லி முத்தம் கொடுத்துவிட்டு, வாய்ப்பூட்டு தொடங்கும் முன்பே மற்ற பெரியவர்களோடு அக்கரைக் கொட்டகைக்குச் சுற்றுப் பாதையில் போனாள்.

பாதி வழியில் மஞ்சு இறங்கியது. அந்தப் பனிமூட்டத்துக்குள் கயிறு ஒரு முறை இழுபட்டுத் தளர்ந்ததைச் சின்னராஜ் உணர்ந்தான். பதினைந்து அடி முன்னால் இரண்டு உள்ளான்கள் உட்கார்ந்திருந்ததால் அவன் திரும்பவில்லை. பறவை பறந்த பிறகுதான் திரும்பினான். ஆறு குழந்தைகள் வாயை இறுக்கிக்கொண்டு அவனையே பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வாயிலும் பூட்டு.

பின்னால், ஒரு பலகை விலகிய இடத்தில், கழுத்தளவு சேற்றில் சுவாதி நின்றாள். அவள் கத்தவில்லை. உதட்டை அழுத்தி மூடியபடி அவனைப் பார்த்தாள். அவன் ஓடி வருவதற்குள் தலையும் தெரியவில்லை.

இடது கால் பூட்ஸோடுதான் அவளை எடுத்தார்கள். வலது கால் வெறுங்காலாக இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் சின்னராஜ் மூன்றே வாக்கியம் சொன்னான். "கயித்த விட்டுட்டுத் தவள புடிக்கப் போச்சுங்க. கூப்பிட்டேன், திரும்பல. சொல்பேச்சு கேக்காத புள்ளைங்க." மற்ற பிள்ளைகளில் ஒருத்தி சாவியைப் பற்றி ஏதோ சொன்னாளாம். சின்னப் பிள்ளை உளறுகிறாள் என்று விட்டுவிட்டார்கள். வேலையும், எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீடும் தப்பின. உயிரே போகும்வரை சொல்பேச்சு கேட்ட குழந்தையை அடங்காப்பிடாரி ஆக்கிவிட்டு, அவன் அந்த வீட்டில்தான் பத்து மாதம் சாப்பிட்டான், தூங்கினான்.

இன்று புதுக் கயிறு. ஆறு முடிச்சுதான் போட்டிருந்தான்.

"கண்ணுகளா, நல்லாப் பேசிட்டே வாங்க. பாட்டுக்கூடப் பாடலாம்," என்றான்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கடைசி முடிச்சைப் பிடித்திருந்த ஐந்து வயது தீபக் ரயில் மாதிரி கூவிக்கொண்டு வந்தான். சின்னராஜ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒரு பறவையும் இல்லை. அழுகிய புல்லின் வாடை மட்டும் பலகை இடுக்கிலிருந்து ஏறியது.

பாதி வழியில் மஞ்சு இறங்கியது.

தீபக்கின் ரயில் நின்றது.

பிறகு அவனுக்கு முன்னால் இருந்தவளின் பாட்டு நின்றது. அதற்கு முன்னால் இருந்தவனின் சிரிப்பு. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக.

"ஏன் சாமி? பேசுங்க," என்றான் சின்னராஜ்.

ஆறு பேரும் உதட்டை இறுக்கியிருந்தார்கள். கயிறு கனத்தது. ஆறாவது முடிச்சுக்குப் பின்னால் தொங்க வேண்டிய வால்நுனி தொங்கவில்லை. விறைப்பாக மஞ்சுக்குள் நீண்டிருந்தது. அதிலிருந்து கறுத்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறு முடிச்சுதான் போட்டிருந்தான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீபக்கின் காலடிப் பலகை விலகியது. பையன் மார்பளவு சேற்றில் இறங்கினான். கத்தவில்லை. உதட்டை மூடிக்கொண்டு சின்னராஜையே பார்த்தான். அதே பார்வை.

சின்னராஜ் பாய்ந்து விழுந்து, கக்கத்தில் கைகொடுத்து அவனை இழுத்து மேலே போட்டான். பையனைக் குலுக்கினான். "ஏன்டா கத்தல? கத்து சாமி, கத்து!"

தீபக் நடுங்கிக்கொண்டே உதட்டோரம் இரண்டு விரலை வைத்துத் திருகிக் காட்டினான். பிறகு சின்னராஜின் சட்டைப் பையைச் சுட்டினான்.

இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சின்னராஜ் பைக்குள் விரலை விட்டான். உள்ளே ஈரமாக, சில்லென்று இருந்தது. இல்லாத சாவிகளை எடுத்து ஆறு வாய்களையும் திறந்துவிட்டான். ஆறு பேரும் ஒரே நேரத்தில் வீறிட்டு அழுதார்கள்.

"யாரு பூட்டுனது?"

"அந்த அக்கா," என்று தேம்பினான் தீபக். "அவங்க பேசவே இல்ல. கையாலதான் காட்டுனாங்க. ஒரு கால்லதான் பூட்ஸ் இருக்கு. அங்கிள், அவங்களுக்கும் தொறந்து விடுங்க. ரொம்ப நேரமா நிக்கிறாங்க."

கயிறு இன்னும் விறைப்பாக இருந்தது.

மஞ்சைப் பார்த்து விரலை நீட்டி ஒரு திருப்புத் திருப்பினால் போதும். அவனுக்கு அது தெரியும். வாய் திறந்தால் அவள் என்ன சொல்வாள் என்பதும் தெரியும். சின்னராஜ் கயிற்றைக் கீழே போட்டான். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு அக்கரைக்கு ஓடினான்.

கொட்டகையில் ஒரே அமளி. சிவகுரு எல்லோரையும் சமாளித்து, பிள்ளைகளைத் துடைக்கத் துண்டும் சூடான பாலும் வரவழைத்தார். கூட்டம் ஒதுங்கிய பிறகுதான் தூணோரம் நின்ற பெண்ணைச் சின்னராஜ் கவனித்தான். பாதியாக இளைத்திருந்தாள். ராஜப்ரியா. கையில் ஒரு மஞ்சள் பூட்ஸ், இடது காலுக்கானது.

"ஏனுங்க, உங்களத்தான் பாக்க வந்தேன்," என்றாள் மெல்ல. "ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிடறேன். எம் புள்ள நெசமாவே நீங்க கூப்பிட்டும் கேக்கலீங்களா?"

சின்னராஜ் அந்தப் பூட்ஸையே பார்த்தான்.

"எங்க ஊட்ல எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. நாந்தான் அடக்கி வளக்கல, அதுதான் புள்ளயத் தின்னுடுச்சுன்னு. அவங்கப்பா எங்கூடப் பேசறதே இல்லீங்க. ஆனா எம் புள்ள அப்படியில்லீங்க. சொன்னாக் கேப்பா. நீங்க சொன்னா நான் நம்பறேன். சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் சிவகுரு வந்து நின்று, இவனை நேராகப் பார்த்தார். சின்னராஜுக்கு லைன் வீடு ஞாபகம் வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குழந்தைங்கன்னா அப்படித்தானுங்கம்மா," என்றார் சிவகுரு.

ராஜப்ரியா தலையாட்டினாள். அழக்கூட இல்லை. "அப்ப எந் தப்புத்தான்," என்றாள். பூட்ஸைப் பலகைப் பாதையின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். "இன்னொன்னு இங்கதான கெடக்கு. சோடி சேரட்டும்." பிறகு மேட்டில் நின்ற காரை நோக்கி ஏறினாள்.

அவள் முதுகைப் பார்க்கப் பார்க்கச் சின்னராஜின் நெஞ்சு வெடித்தது. போதும். வேலை போகட்டும், வீடு போகட்டும். 'அம்மா, பாப்பா மேல தப்பில்லீங்க, அது சொன்னதக் கேட்டுச்சுங்க' என்று கத்தப் போனான்.

உதட்டோரம் இரண்டு சின்ன விரல்கள் பட்டன.

சில்லென்று, ஈரமாக.

ஒரு திருப்பு.

வாய் திறக்கவில்லை. இரண்டு கையாலும் உதட்டைப் பிய்த்தான். நகம் பட்டு ரத்தம் வந்ததே தவிர, இம்மியும் விலகவில்லை. மேட்டில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி வளைவில் இறங்கிப் போனது.

"என்னப்பா, என்னாச்சு? வாயத் தொறந்து சொல்லு!" சிவகுரு அவன் தோளைக் குலுக்கினார்.

சின்னராஜ் பாதையின் விளிம்பைக் காட்டினான். அங்கே வைத்த பூட்ஸைக் காணோம். நனைந்த பலகைகளின் மேல், மஞ்சுக்குள்ளிருந்து ஒரு கால் பூட்ஸும் ஒரு கால் வெறுங்காலுமாகச் சின்னஞ்சிறு தடங்கள் வந்திருந்தன. விளிம்பைத் தாண்டியதும் இரண்டிலும் பூட்ஸ். இடது, வலது, இடது, வலது. வந்து, அவன் காலடியில் நின்றிருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.